பல்லுக்குள் பிளீச்சிங் பவுடர் வாசனை ஏன்?

"கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொண்டேன். டாக்டர் மெஷின் போட்டுக் குடைந்த நேரத்தைவிட, ஒரு மெல்லிய ஊசியில் எதையோ விடுவதும் உறிஞ்சுவதுமாக இருந்த நேரம்தான் அதிகம். அறையெல்லாம் பிளீச்சிங் பவுடர் வாசனை. நிஜமாகவே பிளீச்சா அது? பல்லுக்குள் அதை ஏன் விடுகிறார்கள்? கடைசியில் மருந்து வைத்து மூடி, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார். என் அக்காவுக்கு வேறு இடத்தில் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். என்னை இழுத்தடிக்கிறாரா?"

இதுதான் கேள்வி. தினமும் இதே வேலையைச் செய்கிற பல் மருத்துவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆமாம், அது பிளீச்தான். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்ட அன்று குழாயில் வருமே, அதே வாசனை, அதே குடும்பத்து மருந்து. உங்கள் டாக்டர் அதற்கு அவ்வளவு நேரம் செலவழித்தார் என்றால் எனக்கு அவர்மேல் மரியாதைதான் வருகிறது. ரூட் கேனாலில் மெஷினும் ஃபைலும் (வேருக்குள் விட்டுச் சுரண்டும் ஊசி மாதிரியான சன்ன அரம்) செய்வது பாதை போடும் வேலை. சுத்தம் செய்வது அந்தத் தண்ணீர். அவசரத்தில் இருக்கும் மருத்துவர்களே சில நேரம் இதை மறந்துவிடுவார்கள்.

ஏன் அப்படி என்று புரிய, பல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாம் "நரம்பு" என்று சொல்வது வெறும் நரம்பு அல்ல. ரத்தக்குழாய், நரம்பு இழை, செல்கள் எல்லாம் சேர்ந்த ஒரு மெத்தென்ற சதை. பற்கூழ் என்பார்கள். சொத்தை அதுவரை போய்விட்டால் கிருமி உள்ளே இறங்குகிறது. 1965இல் அமெரிக்காவில் காக்கெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கடைவாய்ப் பல்லைக் குடைந்து கூழைத் திறந்து அப்படியே விட்டுவிட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் செத்து, வேர் நுனியில் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கோ, திறந்த ஓட்டையில் தீனி போய் அடைத்துக்கொண்ட நிலையிலும் கூழ் சாகவில்லை. காயத்தின்மேல் புது டென்டின் (எனாமலுக்கு அடியில் இருக்கும் கெட்டியான பல் பகுதி) வளர்ந்து அதுவே மூடிக்கொண்டது. வியாதி ஓட்டையால் வருவதில்லை, கிருமியால்தான் வருகிறது என்பது அன்றைக்குத் தெளிவானது. ஆகவே ரூட் கேனால் என்பது "நரம்பைப் பிடுங்குவது" என்று நினைப்பது பாதிதான் சரி. கிருமியை வெளியேற்றி, அது திரும்பி வராமல் அடைப்பதுதான் சிகிச்சை.

இங்கே ஒரு சின்ன விலகல். "பல்லில் சீழ் இருக்கிறது, ஒரு கோர்ஸ் மாத்திரை போட்டால் போகாதா?" என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுவிட்டு, வலி குறைந்ததும் ஆறு மாதம் காணாமல் போகிறவர்களும் உண்டு. மாத்திரை ரத்தத்தில்தான் பயணம் செய்யும். கூழ் செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. மருந்து வேர் நுனிக்கு வெளியே உள்ள வீக்கத்தைத் தணிக்கும். உள்ளே குடியிருக்கிற கிருமியிடம் போய்ச் சேராது. அதனால் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும்.

சரி, உள்ளே இறங்கினால் என்ன இருக்கிறது? எக்ஸ்ரேயில் வேரின் நடுவே ஒரு கருப்புக் கோடு தெரியும். அதைப் பார்த்தால் ஸ்ட்ரா மாதிரி நேரான ஒரு குழாய் என்று தோன்றும். சுவிட்சர்லாந்தில் வால்டர் ஹெஸ் என்பவர் சுமார் நூறு வருடங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி இறுக வைத்து, பிறகு பல்லைக் கரைத்துவிட்டுப் பார்த்தார். கையில் கிடைத்தது குழாயின் அச்சு அல்ல, ஆலமரத்து விழுது மாதிரி ஒரு சிக்கல். ஒரு குழாய் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. பக்கவாட்டில் கிளைகள் ஓடுகின்றன. நுனியில் ஆறு கடலில் கலக்கும் இடம்போலப் பல வாய்களாகப் பிரிகிறது. உங்கள் கீழ்க் கடைவாய்ப் பல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பக்க வேரில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே காகிதம் நுழையும் அளவில் ஒரு பிளவு பல பேருக்கு உண்டு. ஃபைல் வட்டமானது. பிளவு தட்டையானது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபைலாக இருந்தாலும் அதற்குள் போகாது.

இதோடு போகவில்லை. குழாயின் சுவர் டென்டினால் ஆனது. அந்தச் சுவரே ஒரு சல்லடை. கூழை ஒட்டிய பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்துக்கு மேல் நுண்துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மைக்ரான் அகலம் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). கிருமிகள் பலவும் ஒரு மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. வாசல் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம்.

2001இல் ஓவ் பீட்டர்ஸ் என்பவரின் குழு, மேல் கடைவாய்ப் பற்களை மைக்ரோ சி.டி. ஸ்கேனில் வைத்து, ஃபைல் போடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து ஒப்பிட்டது. எந்த வகை ஃபைலைப் போட்டாலும் குழாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருந்தது. நான் படித்து முடித்து வந்த புதிதில் இந்த எண்ணை நம்பக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் ஃபைல் உள்ளே போகும்போது கைக்கு நல்ல இறுக்கம் தெரியும், சுவரெல்லாம் சுரண்டுகிறோம் என்றே தோன்றும். விரல் சொல்வது ஒன்று, ஸ்கேன் சொல்வது ஒன்று.

வாய் குறுகிய எண்ணெய்ப் பாட்டிலைக் கழுவி இருப்பீர்கள். பிரஷ்ஷை விட்டு எவ்வளவு திருகினாலும் அடியிலும் தோள் வளைவிலும் பிசுக்கு நிற்கும். சோப்புத் தண்ணீரை ஊற்றி, குலுக்கி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி குலுக்கி ஊற்றினால்தான் போகும். ரூட் கேனாலும் அதே கதைதான். ஆனால் இந்தப் பாட்டிலின் உள்ளகலம் அடியில் 0.3 மில்லிமீட்டர், ஆழம் 20 மில்லிமீட்டர், குலுக்கவும் முடியாது. தலையோடு சேர்ந்திருக்கிறதே!

தண்ணீர் விடுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. உங்கள் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் ஷீட் கட்டினார்களா? பச்சையோ நீலமோ, ஒரு பல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. அதற்கு ரப்பர் டேம் என்று பெயர். நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் 1864இல் கண்டுபிடித்தது. எச்சில் உள்ளே போகாமலும், உள்ளே விடுகிற பிளீச் தொண்டைக்குப் போகாமலும், சின்ன ஃபைல் தவறி வயிற்றுக்குள் போகாமலும் காப்பது இதுதான். நம் பக்கத்தில் "நோயாளிக்கு மூச்சு முட்டும், நேரமாகும்" என்று இதைக் கட்டாமலே செய்கிற வழக்கம் இன்னும் நிறைய இருக்கிறது. எனக்கு இதில் சமரசம் கிடையாது. ஒரு பக்கம் கிருமியைக் கொன்றுகொண்டே மறுபக்கம் எச்சிலை வடியவிட்டால் என்ன பிரயோஜனம்? கட்டுவதற்குப் பழகின கைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும்.

இனி பிளீச். வேதியியல் பெயர் சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்க பிரான்சில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த சரக்கு. முதல் உலகப் போரில் குண்டடி பட்ட காயங்கள் அழுகி வீரர்கள் செத்துக்கொண்டிருந்தபோது, ஹென்றி டாக்கின் என்ற வேதியியலாளரும் அலெக்சிஸ் கேரல் என்ற அறுவை மருத்துவரும் இதை அரை சதவீதமாக நீர்க்கச் செய்து, குழாய் வைத்துக் காயத்துக்குள் விட்டுவிட்டுக் கழுவினார்கள். டாக்கின் கரைசல் என்ற பெயர் அப்படி வந்தது. அங்கிருந்து சில வருடங்களிலேயே பல் வேருக்குள் நுழைந்துவிட்டது. நூறு வருடம் ஆகியும் இதை நகர்த்த எந்த மருந்தாலும் முடியவில்லை.

காரணம், கிருமியைக் கொல்கிற மருந்துகள் நிறைய உண்டு. செத்த சதையைக் கரைக்கிற மருந்து இது ஒன்றுதான். ஃபைல் போகாத பிளவிலும் கிளையிலும் செத்த கூழ் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கிருமிக்குச் சாப்பாடு. பிளீச் அதைத் தொட்டதும் புரதத்தையும் கொழுப்பையும் உடைத்துக் கரைத்துவிடுகிறது. கல்லூரியில் எங்களுக்கு இதைக் காட்டினார்கள்: கோழிச் சதையில் ஒரு துணுக்கைக் கண்ணாடித் தட்டில் இருந்த ஹைப்போகுளோரைட்டில் போட்டால் நுரை கிளம்பி, ஓரம் கரைந்து, கொஞ்ச நேரத்தில் துணுக்கே காணாமல் போகும். உப்புத் தண்ணீரில் போட்ட துணுக்கு அப்படியே கிடக்கும். இன்னொன்று, கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதுபோல் வழுவழுப்பான ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் வாழ்கின்றன. அந்தப் படலத்தையும் பிளீச் உடைக்கும்.

எவ்வளவு காரமாக விடவேண்டும் என்பது பல் மருத்துவர்களிடையே ஓயாத சண்டை. அரை சதவீதத்திலிருந்து ஆறு சதவீதம் வரை பயன்படுத்துகிறார்கள். காரம் கூடினால் சதை வேகமாகக் கரையும், தவறி வெளியே போனால் சேதமும் கூடும். ஸ்வீடனில் பிஸ்ட்ராம், சுண்ட்குவிஸ்ட் இருவரும் 1980களில் செய்த ஆய்வுகளில், வெறும் உப்புத் தண்ணீரோடு ஃபைல் போட்டாலே கிருமி எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது, ஆனால் பல பற்களில் மிச்சம் இருந்துகொண்டே இருந்தது. அரை சதவீத ஹைப்போகுளோரைட் சேர்த்ததும் கிருமி இல்லாத குழாய்கள் கூடின. அதையே ஐந்து சதவீதமாக ஏற்றியபோது கிருமி விஷயத்தில் பெரிய கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஹரியானா மாநிலம் ரோத்தக்கில் நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2019இல் வந்தது. ஒரு சதவீதம், ஐந்து சதவீதம் இரண்டையும் கீழ்க் கடைவாய்ப் பற்களில் ஒப்பிட்டார்கள். வேர் நுனிப் புண் ஆறியதில் புள்ளிவிவரப்படி சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நான் மூன்று சதவீதம் வைத்துக்கொண்டு, அளவையும் நேரத்தையும் கூட்டுகிறேன். குளோரின் தன் வேலையைச் செய்யச் செய்யச் செலவாகிவிடும். உள்ளே இருக்கும் சில துளிகள் சீக்கிரமே வெறும் உப்புத் தண்ணீர் ஆகிவிடும். அதனால்தான் உங்கள் டாக்டர் விட்டு, உறிஞ்சி, மறுபடி விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் புதுச் சரக்கு.

பாட்டிலும் முக்கியம். வெளிச்சத்திலும் சூட்டிலும் ஹைப்போகுளோரைட் தானாகவே வலுவிழக்கும். நம் ஊர் மே மாதத்தில் ஜன்னலோரம் மூடி தளர்ந்து கிடந்த பாட்டிலில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இன்னொரு விஷயம்: பார்க்க இதுவும் தண்ணீர், மரத்துப்போகும் மருந்தும் தண்ணீர், சலைனும் தண்ணீர். பெயர் எழுதாத சிரிஞ்சில் வைத்து, மரப்பு ஊசி என்று நினைத்து பிளீச்சையே ஈறில் குத்திவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகி இருக்கின்றன. எங்கள் கிளினிக்கில் பிளீச் சிரிஞ்சுக்கு மட்டும் சிவப்பு டேப். என் உதவியாளர் அக்கா அதைச் சுற்றாமல் கையில் தரவே மாட்டார்.

துணியில் பட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்த ஒரு அம்மாவின் பட்டுப்புடவையில் என் கையிலிருந்து ஒரே ஒரு சொட்டு விழுந்தது. அரக்குக் கலர். அவர் கண்முன்னாலேயே அந்த இடம் வெளிறிப்போனது. "பரவாயில்லை தம்பி" என்றார். அவர் குரலைக் கேட்டால் பரவாயில்லை என்கிற மாதிரி இல்லை. அன்றிலிருந்து நோயாளியின் முழங்கால்வரை பிளாஸ்டிக் ஏப்ரன் போட்டுவிட்டுத்தான் சிரிஞ்சைத் தொடுகிறேன்.

இப்போது ஊசி. நீங்கள் பார்த்த மெல்லிய ஊசி பெரும்பாலும் 30 கேஜ் என்ற அளவு. வெளி அகலம் 0.3 மில்லிமீட்டர். நுனி மூடியிருக்கும், துளை பக்கவாட்டில் இருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கத் துளையிலிருந்து வரும் நீர், ஊசியின் நுனிக்குக் கீழே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரைதான் போய்ப் பழைய நீரை வெளியேற்றும். அதற்குக் கீழே பழைய தண்ணீர் அசையாமல் நிற்கும். ஆகவே ஊசி வேர் நுனிக்கு ஒன்று இரண்டு மில்லிமீட்டர் மேலே வரை போக வேண்டும். அது போக வேண்டுமானால் குழாய் அந்த அளவுக்காவது அகலமாகி இருக்க வேண்டும். ஃபைல் பாதை போடுகிறது என்று மேலே சொன்னது இதைத்தான். குழாயை அகலப்படுத்துவதே தண்ணீர் இறங்குவதற்காக.

இன்னொரு தொல்லை காற்று. வேர் நுனி எலும்புக்குள் புதைந்திருப்பதால் அடி மூடின குழாய் மாதிரி ஆகிவிடுகிறது. செம்பைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நின்றுவிடுகிறது அல்லவா? அந்த மாதிரி நுனியில் ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டு, மேலே எவ்வளவு ஊற்றினாலும் கடைசி மில்லிமீட்டர்களை நனைய விடாது. கிருமி அதிகம் தொல்லை கொடுப்பதும் அந்தக் கடைசி மூன்று மில்லிமீட்டரில்தான்.

அழுத்தி விட்டால் குமிழ் உடையுமே என்றால், அழுத்தக்கூடாது. ஊசி சுவரில் மாட்டிக்கொண்ட நிலையில் கட்டைவிரலால் அழுத்தினால் பிளீச் வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள்ளும் சதைக்குள்ளும் போய்விடும். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் மறக்கவே முடியாது. மரத்துப்போன பல்லிலும் நோயாளி திடீரென்று துடிப்பார், நிமிடங்களில் கன்னம் வீங்கும், குழாயிலிருந்து ரத்தம் கொப்பளிக்கும், அடுத்த நாள் கண்ணுக்குக் கீழேவரை கன்றிப்போகும். சலைன் விட்டுக் கழுவி, வெளியே ஐஸ் ஒத்தடம் கொடுத்து, வலி மருந்து போட்டுக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மரத்த உணர்வு நீடித்ததும் உண்டு. அதனால் விதி எளிது: ஊசி தளர்வாக இருக்க வேண்டும், மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும், கட்டைவிரலுக்குப் பதில் ஆட்காட்டி விரலால் மெல்லத் தள்ள வேண்டும். சிகிச்சையின்போது தொண்டையில் எரிச்சலோ, திடீர் வலியோ தெரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் கையைத் தூக்குங்கள்.

பிளீச் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. போர்வெல் போடும்போது பார்த்திருப்பீர்கள். துளை போட்டு முடித்ததும் கம்ப்ரஸர் வைத்து ஃப்ளஷ் செய்வார்கள். பாறைப் பொடியும் சேறும் துளையின் சுவரில் அப்பிக்கொண்டு ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும், அதை ஊதி வெளியேற்றாவிட்டால் தண்ணீர் வராது. பல்லிலும் ஃபைல் சுழலச் சுழல டென்டின் தூளும் சதைத் துணுக்கும் கிருமியும் சேர்ந்த ஒரு பூச்சு சுவரில் அப்பிக்கொள்கிறது. ஓரிரு மைக்ரான் தடிமன்தான், ஆனால் நுண்துளைகளின் வாயை எல்லாம் அடைத்துவிடும். அதன் பின்னால் இருக்கிற கிருமிக்கு அது கோட்டைச் சுவர். இதில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் பிளீச்சுக்கு மசியாது.

இதற்குத்தான் இ.டி.டி.ஏ. என்ற இன்னொரு மருந்து. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஊதா மூடி போட்ட குட்டிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அதற்குள் தடவி இருப்பதும் இதே சரக்குதான். அங்கே ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உறையவிடாமல் தடுக்கிறது. இங்கே பூச்சின் கால்சியத்தைப் பிடித்து இளக்குகிறது. 1957இல் நார்வேயைச் சேர்ந்த நிகார்ட்-ஓஸ்ட்பி இதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். வழக்கமான அளவு 17 சதவீதம், ஃபைல் வேலை எல்லாம் முடிந்த பிறகு ஒரு நிமிடம் போதும். பத்து நிமிடம் விட்டால் பூச்சோடு சேர்த்து நல்ல டென்டினையும் அரிக்க ஆரம்பித்துவிடும். பாத்திரத்தில் புளி போட்டுத் தேய்ப்பதற்கும் ராத்திரி முழுக்க ஊறவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

பிளீச்சையும் இ.டி.டி.ஏ.வையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் நேரம் மிச்சமே என்று தோன்றும். கலந்த கொஞ்ச நேரத்திலேயே குளோரின் செத்துவிடும். அதனால் வரிசை இப்படிப் போகிறது: ஒவ்வொரு ஃபைலுக்கும் நடுவே பிளீச், கடைசியில் இ.டி.டி.ஏ., வாய் திறந்த நுண்துளைகளுக்குள் இறங்க மறுபடி ஒருமுறை பிளீச். சிலர் குளோர்ஹெக்சிடினும் விடுவார்கள். ஈறு நோய்க்கு வாய் கொப்பளிக்கக் கொடுப்பதும் அதுதான். பல்லுக்குள் இரண்டு சதவீதம். சுவரில் ஒட்டிக்கொண்டு பல நாள் வேலை செய்யும் என்பது அதன் நல்ல குணம். சதையைக் கரைக்காது என்பது குறை. பிளீச் மிச்சமிருக்கும்போது அதை விட்டால் செங்கல் நிறத்தில் ஒரு கசடு படிந்து பல்லைக் கறையாக்கி, துளைகளையும் அடைக்கும். நடுவில் சலைன் விட்டுக் கழுவாமல் அதைத் தொடக்கூடாது. நான் அநேகமாகத் தொடுவதே இல்லை.

உங்கள் பல்லுக்குள் ஏதோ "ங்ங்ங்" என்று அதிர்ந்ததா? கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடியை ஒரு தொட்டியில் போட்டு அதிரவைத்துக் கழுவித் தருவார்களே, அந்த அல்ட்ராசோனிக்தான். சன்னமான ஒரு உலோக முனையைக் குழாய்க்குள் பிளீச்சில் மூழ்கவிட்டு, சுவரில் படாமல், நொடிக்கு ஏறக்குறைய முப்பதாயிரம் முறை அதிரவைக்கிறோம். நீர் சுழன்று பிளவுக்குள்ளும் கிளைக்குள்ளும் தள்ளப்படுகிறது, மாட்டிய காற்றுக்குமிழும் கலைகிறது. இருபது நொடி அதிர்வு, புதுத் தண்ணீர், மறுபடி இருபது நொடி, இப்படி மூன்று முறை. கருவி இல்லாதவர்கள், குழாயை அடைக்கப் பயன்படுத்தும் கட்டா பெர்ச்சா குச்சியையே தண்ணீருக்குள் வைத்து மேலும் கீழும் நூறு தடவை குத்திக் குத்தி எடுப்பார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். குமிழை உடைக்க அது நன்றாகவே வேலை செய்யும், செலவு பூஜ்யம். லேசர் வைத்து இதைச் செய்கிற கிளினிக்குகளும் வந்துவிட்டன. ஆய்வுக்கூடத்தில் பிடுங்கிய பற்களில் லேசர் பளிச்சென்று சுத்தம் செய்வது உண்மை. ஆனால் நோயாளியின் எலும்பு ஆறுவதில் அது பெரிய வித்தியாசம் காட்டுகிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. லேசருக்காக இருமடங்கு பணம் கேட்டால், ரப்பர் டேம் கட்டுவீர்களா என்று முதலில் கேளுங்கள்.

சரி, இரண்டு வாரக் கதை. உள்ளே வைத்து அனுப்பிய மருந்து என்ன தெரியுமா? சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்சைடு என்று பெட்டியில் போட்டிருக்கும், பார்க்கப் போனால் வெற்றிலைக்குத் தடவும் நீற்றின சுண்ணாம்பேதான், சுத்தமாகத் தயாரித்தது. ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹெர்மன் 1920இல் இதைப் பல் சிகிச்சைக்கு அறிமுகப்படுத்தினார். இதன் காரத்தன்மை பி.ஹெச். 12.5. அந்தக் காரத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. பிளீச் நிமிடக் கணக்கில் செய்த வேலையை இது நாள் கணக்கில், மெல்ல மெல்ல டென்டினுக்குள் ஊறித் தொடர்கிறது. அதனால்தான் ஒன்று இரண்டு வாரம். (இதைப் படித்துவிட்டு வீட்டுச் சுண்ணாம்பைச் சொத்தைப் பல்லில் அப்பிக்கொள்ளாதீர்கள். ஈறும் நாக்கும் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.) இதற்கும் அடங்காத ஒரு கிருமி உண்டு, என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ். காரம் உள்ளே ஏறவிடாமல் தன் செல்லுக்குள் அமிலத்தைப் பம்ப் செய்து தாக்குப்பிடிக்கும். ரூட் கேனால் செய்து சில வருடம் கழித்து மறுபடி வீங்கி வருகிற பற்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

அப்படியானால் உங்கள் அக்காவுக்கு ஏன் ஒரே நாள்? அவர் பல்லைப் பார்க்காமல் சொல்வது சரியல்ல, ஆனால் வழக்கமாக நடப்பது இது. ஐஸ் தண்ணீர் பட்டால் உயிர் போகிற வலி என்றால் கூழ் வீங்கி இருக்கிறது, இன்னும் சாகவில்லை. கிருமி மேல்பகுதியில்தான் இருக்கும், வேர் நுனி பெரும்பாலும் சுத்தம். அதை ஒரே அமர்வில் கழுவி அடைத்துவிடலாம். கூழ் செத்து, எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கருப்பாகத் தெரிந்து, சீழ் வருகிற பல் வேறு கதை. கடைசியில் பேப்பர் பாயின்ட் என்ற காகிதக் குச்சியை விட்டு ஈரம் ஒற்றி எடுப்போம். அது நனைந்து நனைந்து வந்துகொண்டே இருந்தால், கசிவு நிற்காத குழாயை அடைக்கவே கூடாது. அன்றைக்குச் சுண்ணாம்பு வைத்து அனுப்புவதைத் தவிர வழியில்லை. நேர்மையாகச் சொன்னால், செத்த பல்லையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். இரண்டு முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நீண்டகாலத்தில் ஆறுவதில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே ஒரே நாளில் முடித்தவர் அவசரக்காரரும் அல்ல, இரண்டு தடவை வரச் சொன்னவர் காசு பார்ப்பவரும் அல்ல. ரூட் கேனாலுக்கு நம் ஊரில் பெரும்பாலும் பல்லுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறார்கள், எத்தனை தடவை வந்தீர்கள் என்று எண்ணி அல்ல. இரண்டாவது தடவை அவருக்குத்தான் நேரச் செலவு.

அடுத்த முறை போகும்போது பழைய சுண்ணாம்பைக் கழுவி எடுப்பார், அதற்கும் இதே தண்ணீர்தான், இதே வாசனைதான். காய வைத்து, கட்டா பெர்ச்சா வைத்து அடைப்பார். அப்புறம் பல்லின் மேல் கேப்.

அதுவரை பல்லின்மேல் இருப்பது ஒரு தற்காலிகச் சிமென்ட். மூன்றரை நான்கு மில்லிமீட்டர் கனம் இருந்தால் எச்சிலைத் தடுக்கும். அந்தப் பக்கம் முறுக்கு, சீடை கடிக்காதீர்கள். கொஞ்சம் தேய்ந்தால் பயமில்லை. முழுதாகப் பெயர்ந்து நாக்குக்கு ஓட்டை தட்டுப்பட்டால் இரண்டு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்துவிட்டுப் போங்கள். எச்சில் போய்விட்டால் கழுவினதை எல்லாம் முதலிலிருந்து மறுபடி கழுவ வேண்டியிருக்கும்.